புகைபோக்கியில் ஒரு குடித்தனம்

“நாயா, பூனையா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா.”

நகராட்சி அலுவலகத்து ஆள் தொலைபேசியில் இப்படிக் கேட்டதும் பேச்சாளருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கேள்வி சின்னதுதான். ஆனால் அதே கேள்விக்காக வீட்டில் அம்மாவும் அப்பாவும் முந்தின நாளிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கியில் குடியேறியிருந்த பிராணியை அம்மா மரநாய் என்றாள்.

“புனுகுப்பூனைன்னு சொல்லு. நாய் எங்கயாவது சுவர் ஏறுமா?” என்றார் அப்பா.

“பூனை மட்டும் மூஞ்சிய இப்படி முழம் நீளத்துக்கு வச்சிருக்குமா?” என்றாள் அம்மா.

இரண்டும் இல்லாத ஒரு பிராணிக்கு இரண்டு பெயரையும் சூட்டிவிட்டு யாரோ ஒரு முன்னோர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டது இவள்.

“மரநாய்” என்று சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். ‘மர’ தொண்டையிலேயே தங்கிவிட்டது. வெளியே வந்தது ‘நாய்’ மட்டும்.

“இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? ஆள் அனுப்பறேன்” என்று அவர் வைத்துவிட்டார்.

பேச்சாளர் என்பது அத்தை வைத்த பெயர். கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டி வாங்குகிற பெண்ணுக்கு, விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டித் தண்ணீர் கொடுக்கிற பெண்ணுக்கு, வேறு என்ன பெயர் பொருந்தும் என்பது அத்தையின் வாதம். பெயர் வைத்தது ஒரு நாள் கிண்டலுக்கு. ஒட்டிக்கொண்டது ஆயுளுக்கு.

நடந்தது இதுதான். அம்மா வீட்டின் பின்னறையில் விறகு அடுப்பு வைத்து ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்பவள். ஆள் உட்காரும் அகலத்தில் செங்கல் அடுப்பு, அதற்கு ஓர் இரும்புக் கதவு, மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைபோக்கி. மழையில் வழுக்கி விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்ததில் அடுப்பு இரண்டு மாதமாக ஆறிக் கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைத்தெருப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கட்டைப் பிரித்த கையோடு அம்மா பின்னறையைக் கூட்டிப் பெருக்கப் போனால், அங்கே ஒரு மணம். நல்ல அரிசி குழையாமல் வேகிற மணம்.

அம்மாவுக்கு அடுத்து அதை மோப்பம் பிடித்தது அத்தை. அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் வீடு. தினம் ஒரு முறையாவது தம்பி வீட்டுக்கு வந்து போகாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வருவது சுலபம், போவதுதான் பெரும்பாடு. “சரி, போயிட்டு வரேன்” என்று அவள் எழுந்தால் அது முகவுரை. நடையில் ஒரு பாகம் பேசுவாள். அப்புறம் வாசல் கதவின் கொண்டியைப் பிடித்து டக் டக்கென்று ஆட்டிக்கொண்டே பெரிய பாகத்தைப் பேசுவாள். சாம்பார் அடிப்பிடிப்பது, பஸ் போய்விடுவது எல்லாம் அந்தப் பாகத்தில்தான்.

“என்னம்மா, உயர்ந்த அரிசியாப் பாத்துச் சமைச்சிருக்கே. நாத்தனாருக்கு ஒரு வாய் குடுப்போம்னு தோணலை, இல்ல?” என்று அத்தை கேட்டாள்.

“நான் இன்னும் அடுப்பே மூட்டலை அண்ணி.”

“மூடி வச்சிருக்கேன்னு சொல்லு.” அத்தை ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் காலி. காலியாக இருந்ததில் அவளுடைய சந்தேகம் இன்னும் பலப்பட்டது.

அன்று பொழுது சாயும்போது மணத்தின் சொந்தக்காரி வெளியே வந்தாள். புகைபோக்கியின் உச்சியிலிருந்து கருஞ்சாம்பல் நிறத்தில், உடம்பளவு வாலோடு இறங்கி, மதில்மேல் வீட்டுக்காரி தோரணையில் நடந்து, முனையில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். பேச்சாளர் அப்பாவின் சவரக் கண்ணாடியையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு அடுப்புக்குள் தலையை விட்டாள். புகைபோக்கி வளைகிற இடத்தில் செங்கல் திட்டு ஒன்று உண்டு. அதன்மேல் மூன்று குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, கண்கூடத் திறக்காமல். மூக்கில் கரி அப்பிய ஒன்று தும்மியது. தும்மிவிட்டு, அந்த வேலையே தன்னைக் களைப்பாக்கிவிட்டதுபோல மறுபடி தூங்கிப்போனது.

அத்தைக்கு இந்தச் சேதி ஒரு பொருட்டாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பேத்திக்கு முதல் பிறந்தநாள். மூன்றடுக்குக் கேக், வருகிறவர்களுக்கெல்லாம் பன். தம்பி பெண்டாட்டிதான் சுட வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

“அடுப்பைப் பத்த வை. கொஞ்சம் புகை போனா அதுவா ஓடிப்போகுது” என்றாள் அத்தை.

“குட்டி இருக்காம் அண்ணி.”

“குட்டின்னா கால் இருக்காதா?”

கால் இருக்கிறது, கண்தான் இன்னும் இல்லை என்று பேச்சாளர் மனதுக்குள் பதில் சொன்னாள். அவளுடைய பதில்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருந்துவிடும்.

அத்தை போன பிறகு அம்மா குரலைத் தாழ்த்திப் பேசினாள். “என்னை என்னடி செய்யச் சொல்றே? ஞாயித்துக்கிழமை அந்தக் கேக்கைச் சாப்பிட்டாதான் நாலு பேர் திரும்ப நம்மகிட்ட வருவாங்க. ஆறிக் கிடந்த அடுப்பு, முந்தின நாள் சாயங்காலமே மூட்டினாதான் செங்கல்ல சூடு ஏறும். சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள நீ என்ன பண்ணுவியோ பண்ணு. குட்டியப் பாத்தது நீதானே, போனும் நீயே பண்ணு.”

அந்தத் தொலைபேசி அழைப்புதான் ‘மர’ இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் நாய் பிடிக்கும் வண்டி வாசலில் வந்து நின்றது. சுருக்குக் கம்பியும் சாக்குமாக இருவர் இறங்கினார்கள்.

“நாய் எங்கம்மா?”

அம்மா மேலே கையைக் காட்டினாள். இருவரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாய் எப்படிம்மா அங்க ஏறுச்சு?”

“அது மரநாய்ங்க.”

பெரியவர் கம்பியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். “பேர்ல நாய் இருந்தா எங்க வேலை ஆயிடுமாம்மா? கடல்குதிரைக்கு யாராவது லாயம் கட்டுவாங்களா?”

கூட வந்தவருக்கு இரக்க சுபாவம். வண்டியில் ஏறும் முன் பேச்சாளரிடம் வந்து, “தப்பு உன் பேர்ல இல்ல தங்கச்சி. திரும்பப் போன் பண்ணு. முதல்ல ‘மர’ங்கறதை நல்லா அழுத்திச் சொல்லு” என்று ஆறுதல் சொன்னார்.

பேச்சாளர் அந்தப் புத்திமதியை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தாள். பிறகு வந்து எண்ணை அழுத்தினாள். எடுத்தது வேறொருவர். “மர” என்று அவள் அழுத்திய அழுத்தலில் மூச்சு முழுவதும் செலவாகிவிட்டது. அடுத்த மூச்சை இழுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“மரமா? விழற மாதிரி நிக்குதா?”

பயத்தில் அவள் வாயிலிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் வந்தவர் தோளில் கயிறு, கையில் ரம்பம். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தும் ஒரு செடிகூட அகப்படாமல், “ஏற்கெனவே விழுந்திருச்சா?” என்று விசாரித்தார்.

பஸ் ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா செருப்பை மாட்டியபடி சொன்னார். “நேத்து நாய்க்காரர், இன்னைக்கு மரக்காரர். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரவழைச்சிருந்தா கணக்கு சரியா இருந்திருக்கும்.”

வந்த மனிதரை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் அம்மா டீ கொடுத்தாள். அவர் கண்ணாடியை வாங்கி அடுப்புக்குள் நீட்டிப் பார்த்தார்.

“அட, இதுங்களா? மரத்துப் பொந்துல அடிக்கடி இருக்கும். நாங்க ஒண்ணும் பண்றதில்லைம்மா. கீழ உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு ஊர்வம்பு பேசுவோம். மறுநாள் போய்ப் பாத்தா பொந்து காலியா இருக்கும். தாய் ஒவ்வொண்ணா வாயில கவ்வி எடுத்துட்டுப் போயிருக்கும். எங்க பேச்சு அதுக்குப் பிடிக்கறதில்லை போல.” ஒரு வாய் டீ குடித்தார். “எங்க வீட்டுலயும் பிடிக்காது.”

“இந்த சோத்து மணம் எங்கேருந்துங்க வருது?” என்று அம்மா கேட்டாள்.

“அது ஒண்ணுக்குப் போன மணம்மா.”

அம்மா பேச்சாளரைப் பார்த்தாள். பேச்சாளர் அம்மாவைப் பார்த்தாள். இது மட்டும் அத்தை காதுக்குப் போகக்கூடாது என்று அந்த ஒரு பார்வையிலேயே தாய்க்கும் மகளுக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

அவர் போனதும் பேச்சாளர் கைப்பேசியில் பாட்டை வைத்து அடுப்பின் வாயில் சாய்த்தாள். கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். குட்டிகள் தாலாட்டுக் கேட்டதுபோல உறங்கின. தாய் ஒரு கண்ணைத் திறந்து இவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பாட்டு உதவாது. பேச்சுதான் வேண்டும். ஆள் பேச்சு, உரத்த பேச்சு, மூச்சு விட்டாலும் முற்றுப்புள்ளி விழாத பேச்சு. அவளே பேசிப் பார்க்கலாம் என்றால், அவள் பேச்சு அவளுக்கே கேட்காது. அப்பாவைக் கேட்கலாம் என்றால், அவர் நாள் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வந்து வீட்டில் வாய் திறக்க மாட்டார்.

வாசலில் கொண்டி டக்கென்றது.

பேச்சாளர் நிமிர்ந்தாள். ஓடிப்போய் ஸ்டூலை எடுத்து அடுப்பு வாய்க்கு நேராகப் போட்டாள். இரும்புக் கதவை விரியத் திறந்து வைத்தாள். அத்தை உள்ளே வந்து உட்கார்ந்ததும், எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

“அத்தை, அந்த மதில் சண்டை என்ன ஆச்சு?”

சமையலறையில் அம்மா கையிலிருந்து ஏதோ ஒரு மூடி விழுந்து உருண்டது. அத்தையிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மதிலைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கேட்டவர்கள் மத்தியானச் சாப்பாட்டை ராத்திரிதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

“என்னையா கேட்டே?” என்றாள் அத்தை. அவள் முகத்தில் வெயில் அடித்தது. “இத்தனை வருசத்துல நீயா வாயத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கே. கேளுடி என் கண்ணு.”

அணை திறந்துவிட்டது.

அத்தை கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து மனையை ஒரு தையல்காரர் வாங்கினார். எல்லைச் சுவர் எழுப்ப வேண்டும். மனை அளக்கிறவர் வர நாளாகும் என்று, கழுத்தில் கிடந்த தையல் டேப்பை எடுத்துத் தானே அளந்துவிட்டார். “இஞ்ச் டேப்பு வச்சு மனை அளந்தவன் உலகத்துலயே அவன் ஒருத்தன்தான். அதுலயும் தையலுக்குத் துணி விடற மாதிரி எங்க பக்கம் அரை அடி உள்ள விட்டுக்கிட்டான். ஏன்யான்னு கேட்டா, ‘பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்மா’ங்கறான். சுவரை எங்கடி பிரிக்கறது?”

பேச்சாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அத்தைக்கு எண்ணெய் வார்த்தது மாதிரி ஆயிற்று. குரல் இன்னும் ஒரு படி ஏறியது. அடுப்புக்குள் அது மோதி எதிரொலித்து, புகைபோக்கி வழியாக மேலே போனது. உள்ளே எதுவோ நகரும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கரி உதிர்ந்தது.

அன்று பொழுது சாய்ந்தபோது தாய் உச்சியில் தோன்றியது. வாயில் ஒரு குட்டி. மதிலோரமாகவே போய், தெருக்கோடிப் பெரிய மரத்துக்குள் மறைந்தது. வெள்ளிக்கிழமையும் அத்தை வந்தாள், ஸ்டூல் காத்திருந்தது, தையல்காரர் சுவரில் ஜன்னல் வைத்தார், அத்தை அந்த ஜன்னலுக்கு நேராகத் துணி உலர்த்தினாள். பொழுது சாய இரண்டாவது குட்டி போயிற்று.

சனிக்கிழமை காலையில் பேச்சாளர் கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள். தாயின் மடியில் தும்முகிற குட்டி மட்டும் மிச்சம். அம்மா அடுப்பைக் கூட்டி விறகை அடுக்கினாள். அடுக்கும்போது மேலே பார்க்காமல் அடுக்கினாள். மாவு சலித்து, அச்சுகளுக்கு வெண்ணெய் தடவி, தீப்பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் ஆகத் தொடங்கியது. அத்தையைக் காணவில்லை. நாளைக்கு விசேஷம் என்றால் இன்றைக்கு அவள் ஏன் வருவாள்? பேச்சாளர் வாசலுக்கும் பின்னறைக்கும் நடந்தாள்.

ஒருவழியாக டக்கென்றது.

“உக்கார நேரமில்லை. கேக்கு என்ன ஆச்சுன்னு பாக்க வந்தேன்” என்றபடி வந்த அத்தை, பேச்சாளர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து நின்றாள். “ஏண்டி, நானும் பாக்கறேன். எப்ப வந்தாலும் இந்த அடுப்பு வாய்க்கு நேராவே கொண்டுவந்து உக்கார வைக்கறே. கூடத்துல நாற்காலி இல்லையா? என்ன சங்கதி?”

அம்மா மாவுக் கையோடு வாசற்படியில் நின்று, சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினாள். பேச்சாளருக்குப் பொய் சொல்லவும் நாலு வார்த்தை வேண்டும். அதைவிட உண்மையே குறைச்சலான செலவு.

“அதுக்கு ஆள் பேச்சு ஆகாதாம் அத்தை. பேச்சுக் கேட்டா குட்டியத் தூக்கிட்டுப் போயிடுமாம். நான் பேசினா அதுக்குக் கேக்காது.”

அத்தை இடுப்பில் கையை வைத்தாள்.

“அப்ப மதில் கதை கேட்டதெல்லாம் இதுக்குத்தானா?”

“முதல் நாள் இதுக்குத்தான்.”

“நேத்து?”

“நேத்து தையல்காரர் என்ன ஆனார்னு தெரிஞ்சுக்க.”

அத்தை கையை நீட்டினாள். எதற்கு என்று புரியாமல் பேச்சாளர் கண்ணாடியைக் கொடுத்தாள். புடவையை வரிந்து செருகிக்கொண்டு, விறகுக்கு மேலாகத் தலையை அடுப்புக்குள் விட்டாள் அத்தை. உள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. வெளியே வந்தபோது அவள் மூக்கிலும் கரி.

“இத்தனூண்டு இருக்கு. எங்க வீட்டுதும் இப்படித்தான் தும்மும்.” அடுக்கியிருந்த விறகைப் பார்த்தாள். ஜன்னலில் தீப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் கனமாக உட்கார்ந்து, அடுப்பின் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். “எங்க விட்டேன்?”

“நீங்க துணி உலர்த்தின இடத்துல.”

“ஆங். கேட்டுக்கோ, உள்ள இருக்கறவளே, நீயும் நல்லாக் கேட்டுக்கோ. நான் துணி உலர்த்தினேனா, அவன் என்ன பண்ணினான்...”

அதுவரை பேசியதெல்லாம் ஒத்திகை என்பதுபோல அத்தை பேசினாள். சுவர் வழக்குக்குப் போயிற்று. வழக்கில் தையல்காரர் நீதிபதிக்கு முன்னாலேயே டேப்பை எடுத்து நீட்டினார். அம்மா அடுப்பு வேலையை மறந்து நிலைப்படியில் சாய்ந்து கேட்டாள். வெளிச்சம் மஞ்சளாகி, மங்கத் தொடங்கியது. பின்னறையில் புழுக்கம் தாங்காமல் அத்தை ஸ்டூலை முற்றத்து வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேச்சு மட்டும் அறுபடவில்லை.

முற்றத்தில் நின்று பேச்சாளர் புகைபோக்கியின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இரண்டு காது. அப்புறம் முகம். வாயில் குட்டி, தொங்கவிட்ட கையுறை மாதிரி.

கீழே அத்தையின் குரல் உச்சத்தில் இருந்தது. “அப்ப நான் அவனைப் பாத்து, நீதிபதி முன்னாலயே, ஒரே ஒரு கேள்விதாண்டி கேட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா...”

தாய் சட்டென்று பின்வாங்கி, பாதி உடம்பு உள்ளே போயிற்று.

பேச்சாளருக்குக் கத்தவும் முடியாது, கத்தவும் கூடாது. அத்தையின் பக்கம் திரும்பி உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். அத்தையிடம் யாரும் இதுவரை காட்டத் துணியாத சைகை அது. அத்தை வாயைத் திறந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

முற்றத்தில் சத்தமே இல்லை. தாய் மறுபடி எட்டிப் பார்த்தது. அது இறங்க வேண்டிய ஓட்டுச் சரிவுக்கு நேர் கீழே ஸ்டூல், ஸ்டூல் நிறைய அத்தை. அது அத்தையைப் பார்த்தது. அத்தை அதைப் பார்த்தாள். குட்டி தும்மியது. தாய் நகரவில்லை.

அத்தை மெல்ல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஸ்டூலை அசைக்கவில்லை. குனிந்து செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்ற அம்மாவை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, நுனிக்காலில் பின்னறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நடையில் நிற்காமல் போனாள். வாசல் கதவின் கொண்டியை இரண்டு கையாலும், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி இறக்கி வைத்தாள். மூக்கில் கரியோடு, கையில் செருப்போடு, ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.